பதிவு செய்யத் தேவையில்லை

அத்தியாயம் பதினான்கு

ஆளுயர மாலையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றாமவர் அதைப் படம் பிடித்தபடியே பின்பக்கமாக நடந்து, பூக்காரியின் கூடைக்குள் காலை விட்டார்.

"யோவ், கண்ணு இன்னா முதுகுலயா கீது?" என்று அவள் கத்தியது நாதஸ்வரத்தில் அமுங்கிப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. ஸ்ரீபெரும்புதூர் சன்னதித் தெருவில் அதற்குள் இருபது கார்கள். கோயில் வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை பேனர். எல்லாவற்றிலும் ஒரே முகம், கறுப்புக் கோட்டு, நெற்றியில் மெல்லிய திருமண். 'எங்கள் மண்ணின் மைந்தர், மேனாள் அட்வகேட் ஜெனரல், இந்நாள் உச்ச நீதிமன்ற நீதியரசர் ஸ்ரீநிவாசராகவன் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்.'

இந்நாள் என்றது கொஞ்சம் அவசரம். டெல்லியில் பதவிப் பிரமாணம் செவ்வாய்க்கிழமைதான்.

அந்த முகத்துக்கு நேர் கீழே யதிராஜ் நின்றுகொண்டிருந்தார். அதே மூக்கு, அதே காது, எட்டு வயது குறைவு. அவரை யாரும் படம் எடுக்கவில்லை. ஒரு போலீஸ்காரர் மட்டும், "கொஞ்சம் ஓரமா நில்லு சாமி, வி.ஐ.பி. வர்றாரு" என்றார்.

இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. ரத்னா.

"வக்கீல் சார், லெட்டர் வாங்கிட்டீங்களா?" பின்னால் எவர்சில்வர் தட்டுகள் மோதுகிற சத்தம். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் அவள் சூப்பர்வைசர்.

"அண்ணா இன்னும் வரலம்மா. இதோ வந்துடுவார்."

"நான் ஓ.டி.ல கீறேன். அஞ்சு மணிக்குத்தான் பஸ்ஸு. நேரா உங்க ஆபீசுக்கு வந்துர்றேன். செவ்வாக்கெழம காலைல வண்டி வந்துரும் சார். ஞாபகம் வெச்சுக்கோங்க."

"மறப்பேனா?"

மறந்தால் தேவலை என்றுதான் இருந்தது அவருக்கு.

வண்டி என்று அவள் சொன்னது ஜே.சி.பி. பென்னலூரைத் தாண்டி நாவலேரிமேட்டில் முப்பத்தொரு வீடுகள், அதில் ஒன்று ரத்னாவுடையது. எட்டு வருடத்துக்கு முன் லாரிகள் நிறுத்த இடம் வேண்டும் என்று அரசு அந்த மேட்டைக் கையகப்படுத்தியது. வீட்டுக்காரர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு வக்கீல் யதிராஜ். எதிரில் அரசுக்காக மாநிலத்தின் அட்வகேட் ஜெனரலே வந்து நின்றார். கூடப் பிறந்த அண்ணன்.

அன்று அண்ணா எழுந்து சொன்னது இதுதான்: "வீடுகள் உள்ள பகுதியை அரசு தொடாது. காலி நிலத்தை மட்டுமே எடுக்கும். இதை நான் என் பொறுப்பில் சொல்கிறேன்."

நீதிபதி இந்தப் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் யதிராஜ், இதை உத்தரவில் பதிவு செய்யட்டுமா?"

நேற்றுக் கோட்டு மாட்டிய பையன்கூட இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் சொல்வான்.

யதிராஜ் சொன்னார்: "பதிவு செய்யத் தேவையில்லை, மை லார்ட். அட்வகேட் ஜெனரலின் வாக்கே போதும்."

ஐந்து வயதிலிருந்து அண்ணாவுக்குப் பக்கத்தில் நின்று கோயிலில் பிரபந்தம் சொன்னவர் அவர். கோஷ்டியில் மூத்தவர் எடுத்தால் இளையவர் குரலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிறுத்தி, சரிதானா என்று கேட்கிற வழக்கம் கிடையாது. கோஷ்டி வழக்கத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டு போன வக்கீல் அவர் ஒருவராகத்தான் இருக்கும். அன்று அது பெருமையாகக்கூட இருந்தது. நீதிபதி சிரித்தார். பின் பெஞ்சில் இருந்த ஜூனியர்கள் தலையாட்டினார்கள். மனு வாபஸ். உத்தரவு ஒன்றரை வரி. உறுதிமொழி என்ற சொல்லே அதில் இல்லை.

இப்போது புது அதிகாரிகள். "உறுதிமொழியா? எங்க எழுதியிருக்கு, காட்டுங்க" என்று கேட்டுவிட்டு நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். யதிராஜ் மறுபடி வழக்குப் போட்டார். போன வியாழக்கிழமை இப்போதைய நீதிபதி கறாராகச் சொல்லிவிட்டார்: "அன்று சொன்னவர் எழுதிக் கொடுக்கட்டும். இல்லையென்றால் கேட்டவர் பிரமாணப் பத்திரம் போடட்டும். திங்கள் காலை பத்தரை மணிக்கு என் மேஜையில் இரண்டில் ஒன்று இருக்க வேண்டும்."

பிரமாணப் பத்திரம் என்றால் நடந்தது முழுவதையும் எழுத வேண்டும். நாவலேரிமேட்டில் யதிராஜ் சொல்லி வைத்திருந்த கதையோ வேறு: 'ஜட்ஜ் எழுதாம விட்டுட்டார்.' எட்டு வருடமாக அந்த முப்பத்தொரு வீடும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தது. மனைவிக்குத் தெரியாது. அவரோடு சேர்ந்து இந்த வழக்கை நடத்துகிற மகள் ஜாஹ்னவிக்கும் தெரியாது.

அண்ணா ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் தெரியவே வேண்டாம்.

"இன்னா யதி, அழைக்காத விருந்தாளி மாதிரி ஓரமா நிக்கிற?" டில்லிபாபு வந்து தோளில் தட்டினார். உள்ளூர் வக்கீல் சங்கத் தலைவர். அந்த பேனர்களில் பாதி அவர் உபயம், அவர் படமும் கீழே பாஸ்போர்ட் அளவில் இருந்தது. "முன்னாடி வாய்யா. உங்கண்ணன் சுப்ரீம் கோர்ட்டுக்கே போறாரு. நம்ம கோர்ட்டு பாத்ரூமுக்குத் தாழ்ப்பா கேட்டு மூணு வருசமா மனு போட்டுக்கினு கீறோம். காதுல போடேன்."

"அதுக்கும் அவருக்குப் பதவிப் பிரமாணம் ஆகணும்யா."

"நீ வேற. நேத்துலேர்ந்தே நான் அவரை மை லார்ட்னுதான் கூப்பிடறேன்."

கார் வந்தது. கூட்டம் நகர்ந்தது. பரிவட்டம் கட்டினார்கள், தீர்த்தம், சடாரி, மாலை. உடையவர் சன்னதியில் ஸ்ரீநிவாசராகவன் கண்ணை மூடி நின்ற நிலையைப் பார்த்து ஒரு மாமி அழுதேவிட்டாள்.

பிறகு பந்தலில் பேசினார். "இந்தத் தெருவில்தான் நான் பேசக் கற்றேன். பெருமாளுக்கு முன்னால் ஓர் எழுத்து பிசகினாலும் அப்பா தொடையைக் கிள்ளுவார். அதனால்தானோ என்னவோ, முப்பத்தாறு வருஷத் தொழிலில் கோர்ட்டில் சொன்ன சொல்லை நான் மாற்றியதே இல்லை."

கைதட்டல் தெருக்கோடி வரை போனது. தன் கைகளும் தட்டிக்கொண்டிருப்பதை யதிராஜ் தாமதமாகத்தான் கவனித்தார்.

எங்கே தொடங்கிய ஓட்டம்! இதே ஊர் முன்சீப் கோர்ட்டில் மூன்று மாதம் வாய்தா வாங்கிக்கொண்டிருந்தவர் அண்ணா. "இங்க இருந்தா புளியோதரைதான் மிஞ்சும்" என்று சென்னைக்குப் போனார். அப்பாவின் கோயில் கைங்கர்யத்துக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று யதிராஜ் தங்கினார். அண்ணா நாற்பதில் அரசு வழக்கறிஞர், ஐம்பத்திரண்டில் அட்வகேட் ஜெனரல். எந்தக் கட்சி வந்தாலும் அவருக்கு நாற்காலி இருந்தது. நாவலேரிமேடு வழக்குதான் பெரிய திருப்பம் என்று வக்கீல்கள் இன்றைக்கும் சொல்வார்கள். மூன்று வருடம் இழுத்திருக்க வேண்டிய வழக்கை ஒரே காலையில் முடித்த மனுஷன் என்ற பேர் டெல்லி வரை போனது. பிறகு டெல்லியிலேயே சீனியர் வக்கீல். இப்போது வக்கீல் வரிசையிலிருந்து நேராக உச்ச நீதிமன்றம்.

அந்த ஒரு காலை, அண்ணாவை மேலே தூக்கிவிட்டது. தம்பியை என்ன செய்தது என்று யாரும் கேட்கவில்லை.

* * *

யதிராஜின் மனைவி அரவிந்தவல்லி விடியற்காலை மூன்று மணிக்கே வீட்டில் தளிகையைத் தொடங்கியிருந்தாள். அக்காரவடிசிலில் நெய் மிதந்தது. ஸ்ரீநிவாசராகவன் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பக்கத்து இலையில் அவருடைய ஜூனியர் ஸ்ரீதர், ஒரு கையில் போனோடு.

"மாமி கை மணம் டெல்லியில கிடைக்காது" என்றான் ஸ்ரீதர்.

"டெல்லியில நெய்யே கிடைக்காதோ என்னமோ" என்றாள் அரவிந்தவல்லி, சந்தோஷத்தில்.

ஸ்ரீநிவாசராகவன் எதிரில் பரிமாறிக்கொண்டிருந்த ஜாஹ்னவியைப் பார்த்தார். "ஜானு, உன்னை என்னோட வெச்சுக்க முடியாது. நாலு பேர் பேசுவா. ஆனா பக்கத்து கோர்ட்டுல ஒரு ஜட்ஜ்கிட்ட சொல்லியிருக்கேன். லா கிளார்க். புதன்கிழமை சேரணும். ரெண்டு வருஷம் இரு, அப்புறம் இந்த தேசத்துல எந்த ஆபீஸ் கதவும் உனக்குத் திறக்கும்."

அவள் கையில் ரசக் கரண்டி அந்தரத்தில் நின்றது. அரவிந்தவல்லி கையெடுத்துக் கும்பிட்டே விட்டாள்.

"ஒரே ஒரு விஷயம்மா" என்றான் ஸ்ரீதர். "இன்னிலேர்ந்து எந்தக் கேஸ்லயும் ஆஜராகக் கூடாது. நாளைக்கும்தான். ஆஜரானா இந்த போஸ்டிங் கிடையாது. அது ரூல்."

ஜாஹ்னவி அப்பாவைப் பார்த்தாள். அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவியதும் யதிராஜ் அண்ணாவை மாடிக்கு அழைத்துப் போனார். சட்டப் புத்தகங்கள் அடுக்கிய சின்ன அறை. ஸ்ரீநிவாசராகவன் ஒரு பழைய தொகுப்பை எடுத்துப் புரட்டினார்.

"லெட்டர் போட்டிருந்தேனே, அண்ணா."

"படிச்சேன்."

"ஒரு வரி போறும். ஆமாம், சொன்னேன்னு. அவ்வளவுதான்."

"சொன்னேனா?"

யதிராஜ் சட்டென்று நிமிர்ந்தார்.

"பயப்படாதே. சொன்னேன். எனக்கு மறதி வரலை. அன்னிக்கு உன் கோட்டுல ரெண்டாவது பொத்தான் இல்லைங்கறதுகூட ஞாபகம் இருக்கு." அவர் பக்கத்தைத் திருப்பினார். "ஆனா எழுதித் தர முடியாது. செவ்வாய்க்கிழமை அந்த நாற்காலியில உட்காரப் போறவன், திங்கட்கிழமை ஒரு கேஸ்ல சாட்சியா நிக்க முடியுமா? நீயே சொல்லு."

"முப்பத்தோரு வீடு, அண்ணா."

"அதைக் கோர்ட் பாத்துக்கும்."

"கோர்ட்டுக்குத் தெரிஞ்சாதானே?"

"நீ சொல்லு. நீயும்தான் அங்க இருந்தே. கேட்டவனும் அஃபிடவிட் போடலாம்னு ஜட்ஜே சொல்லியிருக்கார். ஏன் போடலை?"

யதிராஜ் சாய்ந்திருந்த ஒரு புத்தகத்தை நிமிர்த்தி வைத்தார்.

"நான் சொல்றேன். ஜட்ஜ் பதிவு பண்ணட்டுமான்னு உன்னைக் கேட்டார். நீ வேண்டாம்னே. அதை உன் கையால எழுதணும். அதுக்குப் பயந்துண்டு என் கையெழுத்தைக் கேக்கறே." புத்தகத்தை மூடினார். "நான் தப்பா சொன்னா திருத்து."

கோஷ்டியில் அண்ணாவை அவர் திருத்தியதே இல்லை. இப்போதும் திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றார் யதிராஜ். "வீட்டைத் தொட மாட்டோம்னு அன்னிக்குச் சொல்லச் சொல்லி அரசாங்கத்துல உன்கிட்ட சொன்னாளா?"

"இல்லை."

"பின்னே?"

"சாயங்காலம் கேபினெட் மீட்டிங். மத்தியானத்துக்குள்ள கேஸ் முடியணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே தொடர்ந்தார். "எதிர்ல வேற எவனாவது நின்னிருந்தா நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன், யதி. ரெகார்ட் பண்ணச் சொல்லிடுவான். நீ கேக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

அதை அவர் பெருமையாகச் சொல்லவில்லை. வருத்தமும் இல்லை. கட்சிக்காரரின் விலாசத்தைச் சொல்கிற குரல்.

வாசலில் பாத்திரம் உரசியது. மோர் டம்ளர்கள் வைத்த தட்டோடு ஜாஹ்னவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று அவள் முகமே சொன்னது.

ஸ்ரீநிவாசராகவன் ஒரு டம்ளரை எடுத்துக் குடித்தார். "பெருங்காயம் தூக்கல். நன்னாருக்கு" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

* * *

கார்கள் போன பிறகு தெரு வெறிச்சென்று இருந்தது. அரவிந்தவல்லி எச்சில் இலைகளை மடித்துக்கொண்டே பேசினாள்.

"ஏன்னா, கொழந்தைக்கு இப்பத்தான் ஒரு நல்லது வரது. நாளைக்கு அவளை அழைச்சுண்டு போகாதீங்கோ. நீங்களே பேசிக்கோங்கோ, வழக்கம் போல."

"அப்பா நாளைக்குப் பேச முடியாதும்மா" என்றாள் ஜாஹ்னவி. "அஃபிடவிட் போட்டா அவர் சாட்சி. சாட்சி வாதாட முடியாது."

"என்ன அஃபிடவிட்?"

ஜாஹ்னவி சொன்னாள். மாடியில் கேட்டதை ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல் சொன்னாள். யதிராஜ் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அரவிந்தவல்லி இலையைக் கீழே போட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டாள்.

"முப்பது வருஷம் ஸ்ரீநிவாசராகவன் தம்பி, ஸ்ரீநிவாசராகவன் தம்பின்னே ஊர்ல இருந்துட்டேள். உங்களை நம்பி வந்த அந்தப் பொம்மனாட்டிக்கு எப்போ வக்கீலா இருந்தேள்?"

அவள் உள்ளே போய்விட்டாள். அக்காரவடிசில் பாத்திரத்தைத் தேய்க்கிற சத்தம் ஓங்கிக் கேட்டது.

ஜாஹ்னவி லேப்டாப்பைத் திறந்தாள். "சொல்லுங்கோ. நான் டைப் பண்றேன்."

அவர் சொல்லத் தொடங்கினார். தேதி, கோர்ட், வழக்கு எண், அட்வகேட் ஜெனரல் கூறியது. முப்பது வருடப் பழக்கம், வாக்கியங்கள் தாமாக வந்தன. "மேற்படி கூற்றை நீதிமன்றம் பதிவு செய்யத் தவறியது..."

தட்டும் சத்தம் நின்றது.

"தவறினது யாருப்பா?"

யதிராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எழுதிக்கோ" என்றார். "பதிவு செய்யட்டுமா என நீதிபதி என்னைக் கேட்டார். தேவையில்லை என நான் கூறினேன். அட்வகேட் ஜெனரல் என் உடன்பிறந்த அண்ணன் என்பதால் அவ்வாறு கூறினேன்."

ஜாஹ்னவி தட்டினாள். "பெரியப்பா இன்னிக்கு ஒத்துண்டது? நீங்க கேக்க மாட்டேள்னு தெரிஞ்சே சொன்னேன்னாரே, அது?"

"அது நம்மாத்துக்குள்ள பேசினது."

"அதையும் பதிவு பண்ண வேண்டாமா?"

"ஜானு, நாளன்னிக்கு அவர் பதவி ஏத்துக்கறார்."

அவள் ஆறாவது பாராவோடு முடித்துக் கீழே கையெழுத்துக்கு இடம் விட்டாள்.

* * *

கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடை மாடியில்தான் யதிராஜின் ஆபீஸ். ஐந்தே முக்காலுக்கு டில்லிபாபு வந்துவிட்டார். பிரமாணப் பத்திரத்தில் இன்னொரு வக்கீல் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். இன்னும் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். இரண்டாம் பக்கம் வந்ததும் மெல்வது நின்றது.

"யோவ் யதி. இன்னாய்யா இது?"

"நடந்தது."

"நடந்ததையெல்லாம் எழுதுவாங்களா? பார் கவுன்சில் உன் கோட்டைக் கழட்டிருவான்யா. காலைலதான் உங்கண்ணனுக்கு மாலை போட்டு, பூ வாடக்கூட இல்ல." குரலைத் தாழ்த்தினார். "அந்த ஜட்ஜு செத்து மூணு வருசமாச்சு. மறந்துட்டாருன்னு எழுதிட்டுப் போயேன். எவன் எழுந்து வந்து இல்லன்னு சொல்லப் போறான்?"

"போடறியா, வேற ஆளைப் பாக்கட்டுமா?"

"போடறேன், போடறேன். என் பேனா, என் தலையெழுத்து."

படியில் வேகமான காலடி. ரத்னா கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக வந்திருந்தாள். நீல நிற மேல்கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, தலையில் வலைத்தொப்பி பதிந்த தடம். நாற்பத்தைந்து வயது, ஐந்து மணி வரை நின்றே வேலை பார்த்த கால்களோடு நாற்காலியில் உட்காராமல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுத்துட்டாரா சார்? வழியெல்லாம் பேனரு. பாத்தப்பவே நெனச்சேன், இவ்ளோ பெரிய மனுசன் ஒரு லெட்டரா தர மாட்டாருன்னு."

"தரலம்மா."

அவள் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது.

"அதுக்குப் பதிலா நான் எழுதித் தரேன். இது. படிச்சுச் சொல்றேன், கேளு."

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னார். முதல் பக்கம் வரை குரல் தெளிவாக இருந்தது. நான்காவது பாராவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். பதிவு செய்யட்டுமா என்று நீதிபதி கேட்டதைச் சொன்னார். தான் சொன்ன பதிலையும் சொன்னார்.

ஜெராக்ஸ் மெஷின் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

"நான் அன்னிக்கி கோர்ட்டுல இருந்தேன் சார்" என்றாள் ரத்னா. "பின்னால, செவுத்தோரம். ஜட்ஜய்யா இங்கிலீசுல இன்னாவோ கேட்டாரு. நீங்க சிரிச்சிக்கினே பதில் சொன்னீங்க. வெளிய வந்து இன்னா கேட்டாருன்னு கேட்டேன். நம்ம பக்கம் நியாயம் கீதுன்னு சொன்னாருன்னீங்க. எல்லாருக்கும் அங்கியே டீ வாங்கிக் குடுத்தேன்."

யதிராஜுக்கு அந்த டீ ஞாபகம் இருந்தது.

"அந்த ஜட்ஜு செத்துட்டாருன்னு பேப்பர்ல போட்டப்ப, ஒழிஞ்சான்னு சொன்னேன் சார். எங்க தெருவே சொல்லிச்சு." அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டாள். "அந்த மனுசன் எழுதட்டுமான்னு கேட்டுக்கீறாரு."

டில்லிபாபு வெற்றிலையைத் துப்ப இடம் தெரியாமல் விழுங்கினார்.

"உங்கண்ணன் மறந்துட்டாரா, இல்ல வேணும்னேதான் சொன்னாரா?"

"அது வந்தும்மா..."

"வேணும்னேதான்" என்றாள் ஜாஹ்னவி. "இன்னிக்கு அவரே ஒத்துண்டார். அப்பா எழுதச் சொல்லிக் கேக்க மாட்டார்னு தெரிஞ்சுதான் சொன்னாராம்."

ரத்னா மேஜை மேல் இருந்த காகிதங்களைப் பார்த்தாள். "அது இதுல கீதா?"

அவள் யதிராஜை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எழுதுங்க சார். வாயால சொன்னதெல்லாம் போதும் எங்களுக்கு."

"யதி, யோசிச்சுப் பண்ணு" என்றார் டில்லிபாபு. "இது நாளைக்குக் கோர்ட்டுல படிச்சாங்கன்னா, செவ்வாக்கெழம டெல்லியில இன்னா ஆவும் தெரியுமா? அவர் உன் ரத்தம்யா."

கடைசிப் பக்கத்தை யதிராஜ் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆறாவது பாராவுக்கும் கையெழுத்துக்கும் நடுவே நாலு விரல்கடை இடம் இருந்தது. ஏழு என்று எண் போட்டார். மை ஓடவில்லை. பேனாவை உதறினார். பிறகு எழுதினார். ஐந்து வரி. சின்ன வயதில் அண்ணாவின் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய அதே சாய்ந்த எழுத்து. கீழே கையெழுத்துப் போட்டார். டில்லிபாபு பெருமூச்சு விட்டுப் பக்கத்தில் தன் கையெழுத்தைக் கிறுக்கி, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

நன்றி என்று அவள் சொல்வாள் என்ற எண்ணம் யதிராஜுக்கு ஒரு மூலையில் இருந்திருக்க வேண்டும். ரத்னா சொன்னது வேறு.

"இந்தக் கேஸு முடியற வரைக்கும்தான் சார். அப்பறம் எங்க மேட்டுப் பக்கம் வராதீங்க. நான் சும்மா இருப்பேன். மத்தவங்களுக்கு நான் பொறுப்பு கெடையாது."

"சரிம்மா."

"நாளைக்கு யாரு பேசறது?"

"நான் பேச முடியாது. நான் சாட்சி."

"அது எனக்கும் புரியுது. யாரு பேசறதுன்னு கேட்டேன்."

டில்லிபாபு சட்டென்று கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு நாளைக்கு காஞ்சீபுரத்துல ஒரு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் படி இறங்கினார். ஏழாவது பாராவைக் கையில் எடுத்துக்கொண்டு கோர்ட்டில் எழுந்து நிற்க இந்த ஊரில் ஒரு வக்கீல் கிடைக்க மாட்டார். அது ரத்னாவுக்கும் தெரிந்துவிட்டது.

அவள் திரும்பி ஜாஹ்னவியைப் பார்த்தாள்.

மேஜை மேல் ஜாஹ்னவியின் போன் ஒளிர்ந்தது. ஸ்ரீதரின் செய்தி, திரை மீதே படிக்க முடிந்தது. டெல்லிக்குச் செவ்வாய் காலை விமானம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது, சார் விசாரிக்கிறார், உறுதிப்படுத்தவும்.

"நீ பேசுவியா பாப்பா?" என்றாள் ரத்னா. "இப்பவே சொல்லிரு. வூட்டுக்குப் போயி சாமானக் கட்டணுமா வேணாமான்னு நான் முடிவு பண்ணணும். எங்க மேட்டுல முப்பது வூடு வாசல்ல உக்காந்துக்கினு கீது."

ஜாஹ்னவி போனை எடுத்தாள். கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. அம்மாவின் கும்பிட்ட கைகளை நினைத்துக்கொண்டாளோ, பெரியப்பா குடித்து வைத்த மோர் டம்ளரையோ.

யதிராஜ் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடமாக அந்த முகத்தில் எது வந்தாலும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். இன்று காலையிலிருந்து அவள் பார்த்தது, கேட்டது எல்லாம் அவர் கொடுத்த பாடம்தான். அதிலிருந்து அவள் எதைக் கற்றுக்கொண்டாள் என்று பெற்றவருக்கே தெரியவில்லை.

"ரத்னாக்கா..." என்று வாயைத் திறந்தாள் ஜாஹ்னவி.